குட்டைத் தகடு

மூடியைக் கழற்றிய கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசையில், மடித்துப் போட்ட குளியல் துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. என் மனைவி புதுக் கிராபிக்ஸ் கார்டை இரண்டு கை விரல் நுனிகளாலும் ஏந்தி அதற்குள் இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். பின்னால் நகர்த்தி, முன்னால் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை. கார்டு குட்டையானதுதான், உள்ளே அதற்கென்று விட்டிருந்த பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோலத்தான் இருந்தது. வம்பு செய்தது அதன் முதுகில் திருகியிருந்த இரும்புத் தகடு. அது மட்டும் பெட்டியின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு, குடும்பப் புகைப்படத்தில் எல்லாரும் குனிந்த பிறகும் குனியாத பெரிய மாமாவைப் போல விறைத்து நின்றது.

“என்னங்க இது?”

நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். அது ஆறி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“கொஞ்சம் அமுக்கிப் பாரேன்.”

“அமுக்கறதுக்கு இதென்ன தலையணையா?”

மணி ஒன்பது ஐம்பது. மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு அறையை அனுப்பியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்குத் திரைச்சீலை வியாபாரம். நானும் அண்ணனும் கடையில் நிற்போம். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பது அவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், அளவெடுக்கிற ஆள் ஒருநாள் வரவில்லையென்று நாடாவை அவள் கையில் கொடுத்தோம். இருபத்திரண்டு வருஷமாக அதைத் திருப்பி வாங்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடையில் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால், தைத்த பிறகு நிறம் பிடிக்கவில்லையென்று துணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப் போய், அவர்களுடைய அறையையே கம்ப்யூட்டரில் வரைந்து, அதில் திரையைத் தொங்கவிட்டுக் காட்ட ஆரம்பித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் கடையை மறுபடி திறப்பதற்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டாள். சிலர் திரையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிப் போனார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அப்படிப் போன படம் ஒன்று, விடுதி அறைகளை வடிவமைத்துத் தருகிற ஒரு கம்பெனியின் மேலாளர் அம்மாள் கண்ணில் பட்டது.

போன வாரம் அழைத்தார்கள். ஒரு விடுதி அறையை, கதவைத் திறந்து உள்ளே நடந்து போய்ச் சுற்றிப் பார்க்கிற மாதிரி, ஒரு நிமிஷப் படமாகச் செய்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் திங்கட்கிழமை முதல் வேலை. நான்காம் மாடி, தனி மேசை, மாதச் சம்பளம். ஐந்து மணிக்கு மேல் வந்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டோம், இன்னும் ஆறு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் மிக மரியாதையாகச் சொன்னாளாம். என் மனைவி அறையை வரைந்து முடித்துவிட்டாள். கட்டில், விளக்கு, சுவரோரம் ஒரு நாற்காலி, எல்லாம் இருந்தன. நடந்து போகிற படமாக ஓட்டச் சொன்னதும்தான் எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி, மன்னிக்கவும் என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்து போனது. நாலு தடவை செய்து பார்த்தாள். நாலு தடவையும் மன்னிப்புக் கேட்டது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நடக்காது என்றாள்.

அந்தப் பெட்டியை வாங்கியவனும் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டது பெரியது. பின்னாடி ஏதாவது மாட்டணும்னா உள்ளே இடம் வேணும் என்று சொல்லத்தான் சொன்னாள். எனக்கென்னவோ துணிக்காரன் புத்தி. மீட்டர் குறைந்தால் விலை குறையும். செருப்புப் பெட்டி அகலத்தில் ஒன்று, கம்பெனியிலேயே பூட்டி முத்திரை போட்டது, மலிவாகப் படிந்தது. மேசையில் இடத்தை அடைக்காது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் தூசி தட்டித் தட்டி வைத்திருக்கிறோம்.

“இதோட ஒரு சின்னத் தகடு வரும். இந்த நெட்டையைக் கழட்டிட்டு அதை மாட்டணும். எங்க அது?” என்றாள்.

“சின்னத் தகடா?”

“சீட்டுல எழுதியிருந்தேனே. அடிக்கோடு போட்டு.”

சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. நேற்று மாலை முழுவதும் அது என் உள்ளங்கையில் இருந்தது, நாலாக மடித்தபடி. எங்கள் குடும்பத்தில் யாரும் கடைக்காரன் முன்னால் சீட்டைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் நமக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும். தேவை தெரிந்த மறு நிமிஷம் விலை நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மடிப்புக்கு மேலே தெரிந்த முதல் வரியை மட்டும், கடிகாரம் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்து, கார்டின் பெயரை ஏதோ போகிற போக்கில் கேட்கிறவனைப் போலக் கேட்டேன். கடைக்காரர் நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி போட்டிருந்தார். கார்டை எடுத்து வைத்தார். விலை சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கால் மணி நேரம் இப்படிச் சிரித்துக்கொண்டே சண்டை போட்டோம். ஒரு கட்டத்தில் அவர் இறங்க மறுத்துவிட்டார்.

விலை இறங்காத இடத்தில் சாமானை இறக்கச் சொல்லுவது எங்கள் வழக்கம். துணி வாங்கினால் கொக்கி வேண்டாம், கயிறு வேண்டாம், சுற்றியிருக்கிற அட்டை வேண்டாம், கழித்துச் சொல் என்போம். கழிவு என்று அதற்குப் பெயர். அண்ணன் ஒரு தடவை தையல் இயந்திரத்துக்கு எண்ணெய்க் குப்பியைக் கழித்துவிட்டு, மறுநாள் அதே குப்பியை வேறு கடையில் வாங்கினார். இரண்டும் இரண்டு வெற்றி என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு புத்தகம், ஒரு சிடி, பிளாஸ்டிக் உறையில் ஒரு சிறு தகடு, இரண்டு திருகாணி.

“இதெல்லாம் எதுக்கு? ஏற்கெனவே ஒரு தகடு மாட்டியிருக்கே. கழிச்சிடுங்க.”

“உங்க பெட்டி எப்படிப்பட்டது சார்? சின்னதா, பெரிசா?”

வீட்டில் இருப்பதைக் குறைத்துச் சொல்லி வழக்கமே இல்லாத பரம்பரை. “பெட்டியா? ஆள் உயரம் இருக்கும்,” என்றேன்.

இத்தனையும் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு என் கண் முன்னால் ஓடி முடிந்தது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்; மறுபடி எடுத்தேன்.

“வைக்க மறந்துட்டான் போல,” என்றேன். “இந்தக் காலத்துல எவனுக்குத் தொழில்ல அக்கறை இருக்கு?”

அவள் கார்டை விடாமல், முழங்கையாலேயே என் பக்கம் பில்லைத் தள்ளினாள். “அதுல நம்பர் இருக்கும். போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

“நான் வெளிய போய்ப் பேசிட்டு வரேன். உள்ள சிக்னல்...”

“போடுங்க.”

போட்டேன். ஏழாவது மணியில் எடுத்தார், பல் துலக்குகிற வாயோடு.

“தகடா? அதைத்தான் உங்க சார் வேண்டாம்னு கழிச்சுட்டாரேம்மா. ஒண்ணுக்கு ரெண்டு தரம் கேட்டேன். பெட்டி ஆள் உயரம்னாரு.”

“ஆள் உயரமா?” என் மனைவி துண்டின் மேல் கிடந்ததைப் பார்த்தாள்.

“ஆமாம்மா. நானும் ஏதோ பெரிய இடம்னு நெனச்சேன்.”

கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும், தகடு எங்கேயாவது கிடக்கும், வந்தால் தேடலாம் என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். அவள் கார்டை அதன் வெள்ளி உறை மேல் வைத்தாள், தூங்குகிற பிள்ளையை இறக்கி வைக்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பழக்கம். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சுவர் கோணல் என்று பார்ப்பாளே, அப்படி.

“வேணும்னே செஞ்சீங்களா?”

இல்லை என்று சொல்ல அரை நொடிகூட ஆகாது. வியாபாரத்தில் நாளொன்றுக்கு நூறு தடவை சொல்கிற சொல். நான் செருப்பைத் தேடினேன். ஒரு கால் கிடைத்தது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அவள் திருப்புளியை எடுத்து நெட்டைத் தகட்டின் முதல் திருகாணியைத் திருக ஆரம்பித்திருந்தாள். “பன்னெண்டுக்குள்ள வந்துடறேன்,” என்றேன். பன்னிரண்டுக்குத்தான் கடையே திறக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கடை ஊரின் மறுகோடியில், மாடிப்படி ஏறினால் இரண்டாம் தளம். பதினொன்றுக்கெல்லாம் போய் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன். நின்றேன் என்று சொல்வது மரியாதைக்கு. படியில் இறங்கினேன், ஏறினேன், பூட்டை ஆட்டிப் பார்த்தேன், எதிர்க் கடையில் ஒரு போன் உறைக்கு விலை கேட்டு, பாதிக்குக் கேட்டு, அவன் சரியென்று சொன்னதும் வேண்டாமென்று நகர்ந்தேன். காரணம் எதுவும் இல்லை. கை சும்மா இருக்கக் கூடாது என்பதுபோல வாய் சும்மா இருக்க மறுத்தது. வேணும்னே செஞ்சீங்களா. செய்தேனா? சீட்டைப் பிரிக்காதது பழக்கம். கழித்தது பழக்கம். பெட்டி ஆள் உயரம் என்றதும் பழக்கம்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக்காரர் இரண்டாவது தடவை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார் என்று கேட்டபோது, என் உள்ளங்கையில் சீட்டு இருந்தது. பிரிக்க ஒரு கட்டை விரல் போதும். அப்போது என் மனசில் என்ன ஓடியது என்று இப்போது தேடினால், கல்லாப் பெட்டியின் அடியில் கை விட்டதுபோல விரலில் தூசிதான் வருகிறது.

அண்ணனின் அழைப்பு வந்தது.

“எங்கடா தொலைஞ்ச? கடைக்கும் வரல, வீட்டுலயும் இல்லியாம்.”

“ஒரு வேலையா வந்தேன்.”

“சரி, கேளு. ஆஸ்பத்திரி ஆர்டர் நமக்குத்தான். நூத்திப் பத்து ஜன்னல். திங்கக்கிழமை காலைல ஒம்பதுக்கு அளவெடுக்க வரச் சொல்லிட்டான். நம்ம அளவுக்காரம்மாகிட்டச் சொல்லிடு.”

“திங்கக்கிழமையா?”

“ஏன், அன்னிக்கு அவளுக்கு என்ன பட்டாபிஷேகமா?”

நான் சிரித்தேன். சிரிப்பு எங்கள் குடும்பத்தில் பதிலாகச் செல்லும். “சாயங்காலத்துக்குள்ள உறுதி சொல்லணும். வெளி ஆள் வச்சா அவன் கேக்கற கூலியில நமக்குத் துண்டுத் துணிதான் மிஞ்சும்,” என்று அண்ணன் வைத்துவிட்டார். போனைப் பையில் போட்டேன். கம்பெனியைப் பற்றி, நான்காம் மாடியைப் பற்றி, அவரிடம் ஒரு வாரமாக நான் வாயே திறக்கவில்லை. நடக்காமல் போனால் ஏன் வீணாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நடக்காமல் போனால் என்பதை அந்த மாடிப்படியில் நின்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நாக்குக்கு அது சுலபமாகவே வந்தது.

பன்னிரண்டேகாலுக்குக் கடைக்காரர் வந்தார். கதவைத் தூக்கி, விளக்கைப் போட்டு, சாவகாசமாக நாற்காலியைத் துடைத்தார். மேசைக்கடியிலிருந்து பெரிய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை இழுத்து என் முன்னால் கவிழ்த்தார். கலகலவென்று நூறு நூற்றைம்பது தகடுகள் கொட்டின. நெட்டை, குட்டை, துளை போட்டது, கோடு கிழித்தது.

“எல்லாம் உங்களை மாதிரி மகராசனுங்க கழிச்சுட்டுப் போனது சார்,” என்றார். “அஞ்சு நிமிஷத்துல திரும்பி வருவாங்கன்னு குப்பையில போடறதில்ல. கார்டு பேரைச் சொல்லுங்க. துளை மாறினா உக்காராது.”

பையிலிருந்து சீட்டை எடுத்தேன். மடிப்போடு நீட்டினேன். அவர் வாங்கி, நெற்றிக் கண்ணாடியை இறக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, நாலு மடிப்பையும் பிரித்து மேசை மேல் கையால் தேய்த்து விரித்தார். எனக்குச் சட்டையைக் கழற்றியதுபோல இருந்தது. முதல் வரியில் கார்டின் பெயர். அதற்குக் கீழே, ‘குட்டைத் தகடு கட்டாயம்’ என்று இரண்டு கோடு. அதற்கும் கீழே, கடைசி மடிப்பில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் இன்னொரு வரி. நானும் அப்போதுதான் பார்த்தேன். கடைக்காரர் அதை வாய்விட்டே படித்தார்.

“‘எதை வேணா கழிச்சுக்கோங்க, இதைக் கழிச்சுடாதீங்க.’” நிமிர்ந்து பார்த்தார். “அம்மா உங்களை நல்லா அளவெடுத்து வச்சிருக்காங்க.”

இரண்டு பேரும் குனிந்து தேடினோம். ஒவ்வொன்றாக எடுத்து, அதேபோன்ற இன்னொரு கார்டின் முதுகில் வைத்துப் பார்த்து, இல்லையென்று ஒதுக்கினோம். நடுவில் மூன்று பேர் வந்து சாமான் கேட்டார்கள். அவர் எழுந்து போய் விற்றுவிட்டு வந்தார். ஒருத்தன் பேரம் பேசினான். மகா மட்டமாகப் பேசினான். ஆரம்பத்திலேயே தனக்கு அவசரம் என்று சொல்லிவிட்டான். ஒன்றரை மணி சுமாருக்கு, பொருந்தாதவை என்று முதலில் ஒதுக்கிய குவியலுக்குள்ளேயே அது கிடைத்தது. உறையோடு, இரண்டு திருகாணியோடு, நேற்று நான் விரலால் தள்ளிவிட்ட அதே தகடு.

“எவ்வளவு?” என்றேன்.

“நீங்களே சொல்லுங்க.”

வியாபாரியிடம் சொல்லக் கூடாத வார்த்தை இது. பையிலிருந்து கைக்கு வந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். “சார், மீதி! சார்!” என்று மாடிப்படி வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார். திருடிக்கொண்டு ஓடுகிறவனைப் போல நான் இரண்டிரண்டு படியாக இறங்கினேன். மீதி வாங்காமல் ஒரு கடையை விட்டு வெளியே வந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. தெருமுனை வரை முதுகு கூசியது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது இரண்டு இருபது. உள்ளே யாரோ தொடர்ந்து மூச்சு விடுகிற மாதிரி சத்தம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூடி இன்னும் சுவரோரம் சாய்ந்திருந்தது. நெட்டைத் தகடு உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. தகடே இல்லாமல் கார்டைப் பள்ளத்தில் இறக்கி, எங்கள் கடைத் திரைக் கயிற்றால், குஞ்சம் வைத்த தங்கநிறக் கயிற்றால், பெட்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அதன் பின்னால் செருகியிருந்த மானிட்டர் கேபிளை இடது கையால் தூக்கிப் பிடித்தபடி, வலது கையால் மவுசை நகர்த்திக்கொண்டிருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. பக்கத்தில் ஒரு வாழைப்பழம், பாதி தின்றது.

“கிடைச்சுடுச்சு!” என்று தகட்டைத் தூக்கிக் காட்டினேன்.

பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

“ஒண்ணே முக்காலுக்கு ஓட ஆரம்பிச்சது. மொத்தம் மூணு மணி நேரம் காட்டுது. இப்ப நிறுத்தினா முதல்லேர்ந்து ஓடணும்.”

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவள் காத்திருக்காமல் சொன்னாள்: “இதை மாட்டி மறுபடி ஓட்டினா அஞ்சரை ஆயிடும்.”

“கேபிளை ஏன் பிடிச்சிட்டிருக்க? கீழ ஏதாவது முட்டுக் குடுத்தா என்ன?”

“புஸ்தகம் வச்சேன், டப்பா வச்சேன், உங்க பழைய செருப்பைக்கூட வச்சேன். பெட்டி அதிர்ந்து அதிர்ந்து நழுவுது. கேபிள் கனம் இழுக்குது, கார்டு சாயுது. ரெண்டு தரம் சாஞ்சு அப்படியே செத்துப் போச்சு. இது மூணாவது ஓட்டம்.” கையை மாற்றாமல் உடம்பை மட்டும் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். “பிடிங்க.”

“நானா?”

“ரெண்டு விரல் போதும். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. அதோட கனத்தை மட்டும் வாங்கிக்கணும்.”

அவள் விரலுக்குக் கீழே என் விரலைக் கொடுத்தேன். கனம் கை மாறியபோது திரையில் படம் ஒரு கணம் நடுங்கிற்று. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பிறகு நிலைத்தது. பதினெட்டு சதவிகிதம்.

இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் நான் ஓரிடத்தில் கால் மணிக்கு மேல் அசையாமல் இருந்ததாக நினைவில்லை. முதலில் மூக்கு அரித்தது. பிறகு முதுகு. பிறகு, எங்கே என்று சொல்ல முடியாத ஓரிடம். நாற்காலியின் ஒரு கால் குட்டை. சாய்ந்தால் ஆடும் என்பதால் ஒரு பக்கத் தொடையிலேயே முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் கார்டின் சின்ன விசிறி சுழன்று வெப்பக்காற்றை என் மணிக்கட்டில் ஊதியது. குஞ்சம் அந்தக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. அவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு படமாக அறை வந்து விழுந்தது. கதவு திறந்தது. அடுத்த படத்தில் இன்னும் ஒரு நூல் திறந்தது. கட்டிலின் ஓரம் தெரிந்தது. விளக்கு. நாற்காலி. நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு ஜன்னல் வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல், தரையிலிருந்து கூரைவரை. வெறும் ஜன்னல்.

“திரை போடலியா?”

“இல்ல.”

“மறந்துட்டியா?”

“மறக்கல.”

“லேசா ஒரு வெள்ளைத் துணியாவது... மடிப்பு மடிப்பா... அந்த உயரத்துக்கு நல்லா விழும்.”

“கை ஆடுது,” என்றாள்.

ஆடத்தான் செய்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன். ஐம்பத்தாறு. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் போய் விரலே இல்லாததுபோல ஆனது. என்னிடம் அவள் கேட்ட கேள்வி மேசை மேல், வாழைப்பழத் தோலுக்கும் நெட்டைத் தகட்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்; விலை கேட்டால்தானே குறைத்துச் சொல்ல முடியும்?

மணி நாலு ஐந்துக்கு அவள் எழுந்தாள்.

“மூஞ்சி கழுவிட்டு வரேன்.”

“எழுபத்தெட்டுதான் ஆயிருக்கு,” என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவதுபோல இருந்தது. “இருந்துட்டுப் போயேன்.”

“நீங்கதான் இருக்கீங்களே.”

திரும்பிப் பார்க்காமல் போனாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வீட்டில் நானும் அந்த இரண்டு விரலும் மட்டும். யாரும் பார்க்கவில்லை. தும்மினால்கூடப் போதும், தும்மலுக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணி, நூற்றுப் பத்து ஜன்னல், அவள் கழுத்தில் தொங்குகிற அளவு நாடா, எல்லாம் ஒரு இழுப்பு தூரத்தில் இருந்தன.

சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. அண்ணன்தான், சாயங்காலத்துக்குள் உறுதி சொல்லணும் என்றாரே. அதே பைக்குள் கிடந்த குட்டைத் தகடு போனோடு ஒட்டிக்கொண்டு நெஞ்சின் மேல் கிர்ர் கிர்ர் என்று அதிர்ந்தது, பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. என் இடது கை பை வரைக்கும் போய், தோள் அசைவது தெரிந்ததும் அப்படியே நின்றது. போன் ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது; ஆனால் கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் ஈர முகத்தோடு நின்று விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

திரையில் அடுத்த படம் விழுந்தது. ஜன்னலிலிருந்து வந்த வெயில், தரையில் முந்தைய படத்தில் நின்ற இடத்திலிருந்து ஒரு நூல் முன்னால் வந்திருந்தது. அடுத்த படத்தில் இன்னும் ஒரு நூல். கட்டில் காலை அது தொடுவதற்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. பை நெஞ்சில் கிர்ர் கிர்ர் என்றது. எண்பத்து மூன்று. நான் இரண்டு விரலையும் அசைக்காமல் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.